பொம்மலாட்டத்தில் எந்தப் பாத்திரம் மேடைக்கு வரும், எது வராது?

கேட்டவர் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் அரிச்சந்திரன் கதையைப் பொம்மலாட்டமாகப் பார்த்திருக்கிறார். ஒரே நேரத்தில் மூன்று பொம்மைக்கு மேல் ஆடவே இல்லை, மந்திரி சத்தியகீர்த்தி ஆரம்பத்தில் தலைகாட்டியதோடு சரி, ஆனால் கோமாளி மட்டும் கதைக்குச் சம்பந்தமில்லாமல் திரும்பத் திரும்ப வந்தான், ஒரே ஆள் நாலு வேலை பார்ப்பதால்தான் இப்படியா, அப்படியானால் கதையே மாறிவிடுகிறதா என்பது அவர் கேள்வி. கூடவே, தன் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து குழந்தைகளுக்கு வள்ளி திருமணம் போட்டுக் காட்ட நினைப்பதாகவும், யாரை வைப்பது யாரை விடுவது என்று தெரியவில்லை என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான்: எந்தப் பாத்திரம் வரவேண்டும் என்பதைக் கதை முடிவு செய்கிறதா, ஆட்டுகிறவரின் உடம்பு முடிவு செய்கிறதா.

கும்பகோணம் வட்டாரத்தில் பொம்மலாட்டக் குழுக்களோடு உட்கார்ந்து ஹார்மோனியமும் பின்பாட்டும் பல வருஷம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் பொம்மை ஆட்டியவன் இல்லை, ஆனால் ஆட்டுகிறவர்களின் காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன். அங்கிருந்து பார்த்தால் கதையில் யார் இருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு, திரைக்குப் பின்னால் யாருடைய தலை காலியாக இருக்கிறது என்பது இன்னொரு கணக்கு, இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில்தான் பாத்திரம் மேடைக்கு வருகிறது. தலை என்று சொன்னதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் பொம்மைகள் பெரியவை. கல்யாண முருங்கை போன்ற இலகுவான மரத்தில் செதுக்கினாலும், உடை, நகை, கிரீடம் எல்லாம் ஏறியதும் பெரிய பொம்மை நாலரை அடி உயரம், பத்து கிலோ எடை வரைகூட வந்துவிடும். இதைக் கையில் தூக்கி ஆட்ட முடியாது. பொம்மையின் உடம்பைத் தாங்கும் கயிறுகள் ஒரு இரும்பு வளையத்தில் கட்டியிருக்கும், அந்த வளையத்தை ஆட்டுகிறவர் கிரீடம் மாதிரித் தலையில் சூடிக்கொள்கிறார். பொம்மையின் கைகளுக்குத் தனியாகக் கம்பிகள், அவை அவருடைய இரண்டு கையிலும் இருக்கும். காலில் சலங்கை. அதாவது தலையால் தூக்குகிறார், கையால் பேச வைக்கிறார், காலால் தாளம் போடுகிறார். ஒரு ஆளுக்கு ஒரு தலை, ஒரு பொம்மைக்கு இரண்டு கை. ஆகவே மூன்று பேர் நின்றால் மூன்று பொம்மைதான் ஆடும். நான்காவது பொம்மை மேடையில் இருக்கலாம், கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அரசவையில் ஓரமாக நிற்கும் மந்திரி பெரும்பாலும் அப்படித்தான். தொங்குகிற பொம்மை கை அசைக்காது, கை அசைக்காத பொம்மைக்கு வசனம் கொடுத்தால் யார் பேசுகிறார்கள் என்று முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் தொங்குகிறவர்கள் ஊமையாகவே இருப்பார்கள். நீங்கள் பார்த்த சத்தியகீர்த்தி அனேகமாக அந்த வகை.

ஆட்டுகிறவர்கள் திரைக்குப் பின்னால் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்பதால் இன்னொன்றும் நடக்கிறது. ஒருவரைத் தாண்டி இன்னொருவர் போவது சிரமம், கயிறும் கம்பியும் மாட்டிக்கொள்ளும். வலப்பக்கம் நுழைந்த பாத்திரம் கூடியவரை வலப்பக்கமே நின்று பேசிவிட்டு அந்தப் பக்கமே போகும். சண்டை, கட்டித் தழுவுதல், ஒருவரைச் சுற்றி ஒருவர் ஓடுதல் எல்லாம் குறைந்து, எதிரெதிராக நின்று வாதாடுகிற கதைகள் பொம்மலாட்டத்தில் செழிப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பொம்மை மாற்றுகிற நேரம்தான் எல்லாவற்றுக்கும் முடிச்சு. அரிச்சந்திரன் கதையில் நாடிழந்தபின் அரசன் சுடுகாட்டுக் காவலுக்கு வருகிறான். கிரீடம் வைத்த பொம்மை வேறு, கம்பளியும் கோலுமாக நிற்கிற பொம்மை வேறு. இரண்டையும் ஆட்டுகிறவர் ஒரே ஆள். அவர் கம்பிகளை விட்டு, குனிந்து, வளையத்தைக் கழற்றி அரசன் பொம்மையைக் கொடியில் மாட்டி, காவலாளி பொம்மையின் வளையத்தைச் சும்மாட்டின் மேல் அழுத்தி உட்கார வைத்து, கழுத்தை ஒருமுறை அசைத்துப் பார்த்து, கயிறு முறுக்கிக்கொண்டிருந்தால் பிரித்து, கம்பிகளைப் பிடிக்க வேண்டும். அதுவரை பாட்டுக்காரனான எனக்கு வேலை. அந்த இடத்தில் விருத்தம்தான் பாடுவோம், ஏனென்றால் விருத்தத்துக்குத் தாளக்கட்டு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். கடைசி அடிக்கு வந்தபிறகும் சலங்கை கேட்கவில்லை என்றால் ராகத்தை மறுபடி மேலே கொண்டுபோய் அதே அடியை இன்னொரு தரம் பாடவேண்டியதுதான். வலது காலைத் தரையில் தட்டினார் என்றால் தயார் என்று பொருள், உடனே இறங்கிவிடுவேன். முன்னால் இருக்கிறவர்கள் அதை அரிச்சந்திரனின் துக்கம் என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அது துக்கம்தான், அந்தப் பாட்டில் அவ்வளவு இருக்கிறது. ஆனால் அதன் நீளம் வளையம் மாற்றுகிற நீளம்.

இதைத் தெரிந்துகொண்டு அரிச்சந்திரன் கதையை மறுபடி பாருங்கள், யார் தங்குகிறார்கள் யார் உதிர்கிறார்கள் என்பது தானாகப் புரியும். விசுவாமித்திரர் தங்குவார், அவர் இல்லாமல் கதையே இல்லை. அவர் அனுப்பும் நட்சத்திரேசன் தங்குவான், கடன் வசூலிக்க அரிச்சந்திரன் குடும்பத்தோடேயே நடந்து போகிற ஆள், காட்டு வழியில் அரிச்சந்திரன், சந்திரமதி, நட்சத்திரேசன் என்று மூன்று தலைக்கு மூன்று பொம்மை கச்சிதமாக முடிந்துவிடும். குழந்தை லோகிதாசன் சின்னப் பொம்மை, அம்மாவை ஆட்டுகிறவரே பக்கத்தில் சேர்த்துச் சமாளித்துவிடுவார். வசிட்டர், இந்திரன், தேவசபை எல்லாம் முன்கதை, நேரம் குறைந்தால் இரண்டு வரிப் பாட்டில் சொல்லி முடித்துவிடலாம். காசியில் ஏலம் விடுகிற காட்சிக்குக் கூட்டம் வேண்டும், பொம்மைக்கு எங்கே போவது? நட்சத்திரேசன் ஜனங்களைப் பார்த்தே கூவுவான், "வாங்குவார் உண்டா" என்று. ஊர்க்காரர்களே காசி ஜனம் ஆகிவிடுவார்கள், பின்பாட்டுக்காரர்கள் நாங்கள் இரண்டு மூன்று குரலில் விலை கேட்போம். சந்திரமதியை வாங்கும் காலகண்டையரும் அவர் மனைவி காலகண்டியும் எவ்வளவு சுருக்கினாலும் போகமாட்டார்கள், கொடுமையும் சிரிப்பும் கலந்த ஜோடி, இரண்டே தலை போதும், ஜனங்கள் விரும்பிக் கேட்பார்கள். சத்தியகீர்த்தி நல்லவர், விசுவாசி, ஆனால் அவர் செய்கிற காரியம் எதுவும் இன்னொருவர் வாயால் சொல்லிவிடக் கூடியது. முதல் வெட்டு அவருக்குத்தான் விழும்.

மயான காண்டம் ஏன் எந்தக் குழுவும் விடாத பகுதி என்பதற்குப் பக்தி, சோகம், பாட்டின் அருமை எல்லாம் காரணம். ஆனால் இதையும் பாருங்கள்: பாம்பு கடித்துக் கிடக்கும் குழந்தைக்கு ஆட்டுகிறவர் வேண்டாம், அது தரையில் கிடக்கும். அழுகிற தாய் ஒருத்தி, வரி கேட்கிற காவலாளி ஒருவன், இரண்டே பேர் போதும். மூன்றாவது ஆளுக்குக் கடைசியில் வரப்போகிற பொம்மையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நிதானமாகக் காத்திருக்க நேரம் கிடைக்கிறது. கொஞ்சம் ஆளை வைத்துக்கொண்டு நிறைய உருக்கத்தை எடுக்க அதைவிடச் சிறந்த காட்சி இல்லை.

கோமாளிக்கு வருவோம். கதைக்குச் சம்பந்தமில்லாமல் வந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய முறையில் ஆட்டம் விநாயகர் பூஜையில் தொடங்கி, அடுத்துக் கோமாளி, அப்புறம் இன்னும் சில முன்னாட்டங்கள் என்று போய்த்தான் கதைக்குள் நுழையும். அதாவது கோமாளி ஆட்டத்தின் முறையிலேயே இருக்கிறவன், இடைச்செருகல் இல்லை. நடுநடுவே திரும்ப வருவது மட்டும் வேலைக்காக. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பொம்மை மாற்ற வேண்டியிருந்தால் விருத்தம் போதாது, மேடை காலியாக இருக்கக் கூடாது, மூன்றாவது ஆள் கோமாளியைக் கொண்டுவருவார். அவனுக்கு வசனம் எழுதி வைக்க வேண்டியதில்லை, ஊர் நாட்டாமையைக் கிண்டல் பண்ணலாம், வாய்க்காலில் தண்ணீர் வராததைப் பேசலாம், தயார் என்று பின்னாலிருந்து சத்தம் வந்ததும் பாதி வாக்கியத்தில் ஓடிவிடலாம். நேரத்தை நீட்டவும் சுருக்கவும் தெரிந்த பாத்திரம் அவன் ஒருவன்தான். ஆள் குறையக் குறையக் கோமாளி கூடுவான் என்பது நான் பார்த்த வரை தவறாத கணக்கு.

குரலும் இதே மாதிரி ஒரு வரம்பு. ஆட்டுகிறவரே பேசுவதும் உண்டு, பின்னாலிருந்து பாடுகிறவர் பேசுவதும் உண்டு. ஒரே ஆள் முனிவருக்கும் அரசனுக்கும் குரல் கொடுக்கிறார் என்றால், இருவரும் நேருக்கு நேர் நீளமாகச் சண்டை போடும் காட்சி வராது, வந்தால் ஒருவர் பாட்டிலும் மற்றவர் வசனத்திலும் பேசுவார்கள். இப்போது பல இடங்களில் முன்பே பதிவு செய்த ஒலியை ஓடவிட்டு ஆட்டுகிறார்கள். அதில் குரல் வரம்பு போய்விட்டது, பத்துக் குரல் வேண்டுமானாலும் பதியலாம். ஆனாலும் மேடையில் பொம்மை கூடவில்லை, ஏனென்றால் தலை வரம்பு அப்படியே இருக்கிறது. இன்னொரு இழப்பும் சேர்ந்தது. பதிவு யாருக்காகவும் காத்திருக்காது, விருத்தத்தை நீட்ட முடியாது, கோமாளிக்கும் அளந்து வைத்த நேரம்தான். அதனால் பொம்மை மாற்ற வேண்டிய காட்சிகளையே தவிர்க்கிறார்கள். ஒலிப்பதிவு வந்தால் பாத்திரம் கூடும் என்று நினைப்போம், நான் பார்த்த நிகழ்ச்சிகளில் குறைந்துதான் போயிருக்கிறது.

தோல்பாவைக்கூத்தில் கணக்கு தலைகீழ். அங்கே பாவை இலகு, ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி வெட்டி வண்ணம் தீட்டியது. வெண்திரைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஆள்தான், இரண்டு கையிலும் பாவை, காலடியில் தட்டுவதற்குக் கட்டை, ஆண் பெண் குழந்தை குரங்கு அரக்கன் எல்லாக் குரலும் அவருடையதே. குடும்பத்துப் பெண்கள் பாடுவார்கள், பையன் மிருதங்கம் அடிப்பான். வீட்டில் மராத்தி பேசிக்கொண்டு திரையில் தமிழில் கதை சொல்லும் குடும்பங்கள் இவை. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நடந்த காலத்தோடு இவர்கள் வருகையைச் சேர்த்துச் சொல்வது வழக்கம், அது பொருத்தமாகத்தான் படுகிறது, ஆனால் மொழியை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல நான் தயங்குவேன். பாவை எடுப்பதும் வைப்பதும் ஒரு நொடி வேலை என்பதால் இராமாயணத்தைப் பத்து இரவு நடத்தி, அத்தனை பாத்திரத்தையும் கொண்டுவர முடிகிறது. ஒரே இராமனுக்கு அரண்மனைக்கு ஒரு பாவை, வனவாசத்துக்கு ஒரு பாவை என்று வைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் ஒரு சமயத்தில் திரையில் உயிரோடு அசைகிறவர்கள் இரண்டே பேர். கூட்டம் வேண்டுமானால் இரண்டு மூன்று பேரைச் சேர்த்தே ஒரு தோலில் வெட்டிவிடுகிறார்கள். அங்கே சிரிப்புக்கு வருகிறவர்களும் இருவர், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். இரண்டு கைக்கு இரண்டு பேர்.

வெளிநாட்டிலும் இதே நியாயம்தான். இங்கிலாந்துக் கடற்கரைகளில் நடக்கும் பஞ்ச் அண்ட் ஜூடி கைப்பாவை ஆட்டத்தில் ஒரே ஆள் கூண்டுக்குள் நிற்கிறார், வலது கையில் பஞ்ச் நிரந்தரமாக இருப்பான், மனைவி, போலீஸ்காரன், முதலை எல்லாரும் இடது கைக்கு ஒருவர் பின் ஒருவராக வந்து போக வேண்டும். பஞ்ச் அவர்களை வரிசையாக அடித்துத் தள்ளுவதாகவே கதை அமைந்தது அந்தக் கைக்குப் பொருத்தமானது. ஜப்பானின் புன்ராக்குவில் முக்கியப் பொம்மை ஒன்றை மூன்று பேர் ஆட்டுகிறார்கள், தலையும் வலக்கையும் ஒருவர், இடக்கை ஒருவர், கால் ஒருவர். அங்கே சின்னப் பாத்திரத்துக்கு எளிய பொம்மை, ஒரே ஆள். ஒரு பாத்திரத்துக்கு எத்தனை உடம்பு செலவாகிறது என்பதிலிருந்தே அதன் தகுதி தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு தலைக்கு ஒரு பொம்மை, தொங்குகிற பொம்மை பேசாது, மாற்றுகிற நேரத்தைப் பாட்டோ கோமாளியோ நிரப்பும், இவை உறுதி, எந்தக் குழுவின் பின்பக்கம் போய் நின்றாலும் நீங்களே பார்க்கலாம். ஆனால் இருவர் எதிரெதிர் நின்று வாதாடும் காட்சிகள் பொம்மையின் வரம்பால்தான் பிறந்தன என்று சொன்னால் அது தவறு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த இசை நாடகங்களில் மனிதர்கள்தான் நடிக்கிறார்கள், அங்கேயும் வள்ளியும் வேலனும் விடிய விடியத் தர்க்கம் பண்ணுகிறார்கள். பொம்மலாட்டம் அந்த மரபிலிருந்து பாட்டும் வசனமும் நிறைய எடுத்துக்கொண்டது. ஆகவே பொம்மை அந்த வடிவத்தை உண்டாக்கவில்லை, தனக்கு ஒத்துவந்ததைப் பிடித்து வைத்துக்கொண்டது என்றுதான் நான் சொல்வேன். ஆள் குறைவது கலையின் தேவையா என்றால் அதுவும் இல்லை, காசு. பேசிய தொகையை ஆளுக்கு ஆள் பிரிக்க வேண்டும், ஒரு ஆள் கூடினால் எல்லார் பங்கும் குறையும், சாப்பாடும் பஸ் செலவும் ஏறும். இதே தஞ்சாவூர்ச் சீமையில் இரணிய நாடகத்தில் ஒரே வேஷத்தை இரண்டு பேர் கட்டிக்கொண்டு சேர்ந்து ஆடுகிற ஊர்களும் இருக்கின்றன. ஊர்க்காரர்களே நடிக்கிற இடத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை, பாத்திரத்துக்குத்தான் ஆள் போட்டி. கூலிக்கு ஆடுகிற குழுவுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் நீங்கள் பார்த்த ஆட்டத்தில் மந்திரி தலைகாட்டியதோடு போய்விட்டதற்காக அந்தக் குழுவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மூன்று பேர் அவ்வளவு பெரிய கதையை இரண்டு மூன்று மணி நேரம் தலையில் சுமந்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் பள்ளிக்கு. வள்ளி திருமணம் மூன்று பேருக்கு ஏற்ற கதை, நல்ல தேர்வு. முருகன் வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக மாறி மாறி வருகிறார், அதாவது பொம்மை நிறைய வேண்டும், ஆள் ஒன்று போதும். மரத்தை நட்டு வைத்தால் நின்றுகொள்ளும், நம்பிராஜன் வந்து தேடுகிற அந்த நேரத்தில் முருகனை ஆட்டுகிறவர் நிம்மதியாகக் கிழவனை எடுத்துக்கொள்ளலாம். வள்ளியை ஆட்டுகிறவர் வேறு எதையும் தொடவேண்டாம், ஆரம்பம் முதல் முடிவு வரை அவள் மேடையில் இருப்பாள். மூன்றாவது ஆசிரியருக்கு நாரதர், தோழி, நம்பிராஜன், யானை. அவருக்குத்தான் வேலை அதிகம், அதனால் உங்களில் நிதானமானவரை அங்கே போடுங்கள். தோழிக்கும் நம்பிராஜனுக்கும் சேர்ந்தாற்போல் காட்சி வைக்காதீர்கள், வேடர் படை வேண்டாம், நம்பிராஜன் பின்னால் திரும்பி "வாங்கடா" என்று கூப்பிட்டால் போதும், திரைக்கு உள்ளேயிருந்து நாலு பிள்ளைகள் பதில் சத்தம் போடட்டும். குழந்தைகளுக்கான ஆட்டம் என்பதால் பெரிய மரப் பொம்மை முயல வேண்டாம், துணியில் கைப்பாவை செய்துகொள்ளுங்கள், அப்போது ஒருவருக்கு இரண்டு கை என்ற கணக்கு வரும், ஆனாலும் முதல் முறை ஆளுக்கு ஒரு பொம்மையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பொம்மை செய்ய உட்காருவதற்கு முன்னாலேயே ஒரு தாளில் காட்சிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே எந்த ஆசிரியர் எந்தப் பொம்மை என்று குறித்துவிடுங்கள். அடுத்தடுத்த இரண்டு காட்சியில் ஒருவர் பெயருக்கு நேரே இரண்டு வேறு பொம்மை வந்தால், நடுவில் ஒரு பாட்டைப் போடுங்கள், அல்லது யானையை ஒரு சுற்று முன்னதாகவே விட்டுவிடுங்கள்.